முதல் தவணையின் 4.9 கிரே: கருப்பை வாய்ப் புற்றுநோய் பிரேக்கிதெரபியில் சிக்மாய்டு குடல் வாங்கிய கதிர்வீச்சு பற்றிய நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் உள்ள ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன். இந்த நிகழ்வில் கட்டிக்குக் கொடுத்த கதிர்வீச்சைப் பற்றி யாருக்கும் ஐயம் எழவில்லை. கட்டியை ஒட்டியிருந்த சிக்மாய்டு குடலுக்கு, அதாவது மலக்குடலுக்கு மேலே உள்ள பெருங்குடலின் வளைந்த பகுதிக்கு, எவ்வளவு போனது என்பதில்தான், தாளில் இருந்த எண்ணும் உடலில் நடந்ததும் ஒன்றா என்ற கேள்வி எழுந்தது. நோயாளியை யாரும் அடையாளம் காணாதபடி சில சொந்த விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளிக்கு 52 வயது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து திருமணமாகி ஸ்ரீராமபுரத்துக்கு வந்தவர். பீன்யாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்தவர். மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ரத்தப்போக்கு தொடங்கியும், ஐந்து மாதங்கள் கழித்தே மருத்துவரிடம் வந்தார். திசுப் பரிசோதனையில் செதிள் செல் புற்று உறுதியானது. எம்.ஆர்.ஐ. படத்தில் கருப்பை வாயில் 5.4 செ.மீ. கட்டி இருந்தது. அது இருபுறமும், கருப்பை வாயைச் சூழ்ந்த திசுவான பாராமெட்ரியத்துக்குள், வலப்பக்கம் சற்று அதிகமாக, பரவியிருந்தாலும் இடுப்புச் சுவரைத் தொடவில்லை. நிணநீர்க் கணுக்களில் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை, சிறுநீரகங்களில் அடைப்பும் இல்லை. ஃபிகோ என்ற பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் 2018 வகைப்பாட்டின்படி இது 2பி நிலை.

வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சாக, கருவி உடலைச் சுற்றி வந்தபடி கதிர் செலுத்தும் வி.மேட் முறையில் 45 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), 25 தவணைகளில் கொடுக்கப்பட்டது. வாரம் ஒருமுறை, உடல் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 40 மி.கி. என்ற அளவில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஐந்து முறை போடப்பட்டது. இந்தக் கட்டத்தில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது வார முடிவில் கட்டி 2.8 செ.மீ. ஆகச் சுருங்கியிருந்தது, வலப் பாராமெட்ரியத்தில் மட்டும் மிச்சம் தெரிந்தது. அடுத்தது பிரேக்கிதெரபி. நம் ஊர் நோயாளிகள் வெளிக் கதிர்வீச்சைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்றும் இதை ‘உள்ளே வைக்கிற கரண்ட்’ என்றும் சொல்வார்கள். கதிரியக்க மூலம் உண்மையிலேயே உள்ளே போய் நிற்பதால், இரண்டாவது பெயர் பொருத்தமானதுதான்.

கணக்கு போடும் முறை

கருப்பை வாயின் வழியாகக் கருப்பைக்குள் டாண்டம் என்ற மெல்லிய குழாயும், கருப்பை வாயைச் சுற்றி ரிங் என்ற வளையமும் பொருத்தப்படும். இரிடியம்-192 மூலம் இந்தக் குழாய்களுக்குள் பல இடங்களில் சில நொடிகள் வீதம் நின்று நகரும். ஒரு காலத்தில் கருப்பை வாய்க்கு அருகே குறிக்கப்படும், மான்செஸ்டர் முறையின் ‘புள்ளி ஏ’ ஒன்றைக் கொண்டே எல்லாம் அளக்கப்பட்டது. 1985இல் வந்த, கதிர்வீச்சு அலகுகளுக்கான பன்னாட்டு ஆணையமான ஐ.சி.ஆர்.யு.வின் 38ஆம் அறிக்கை, சிறுநீர் வடிக்கும் ஃபோலி கதீட்டரின் பலூனில் 7 மில்லி சாயம் ஏற்றி எக்ஸ்ரே படத்தில் சிறுநீர்ப்பைப் புள்ளியையும், யோனியின் பின்சுவருக்கு 5 மி.மீ. பின்னால் மலக்குடல் புள்ளியையும் குறிக்கச் சொன்னது. சிக்மாய்டு குடலுக்கு அதில் புள்ளியே இல்லை. எக்ஸ்ரேயில் தெரியாத குடலுக்குப் புள்ளி வைப்பது எப்படி? சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் திட்டமிடலுக்குள் வந்து, 2005, 2006 ஆண்டுகளில் ஜி.இ.சி.-எஸ்ட்ரோ என்ற ஐரோப்பியக் குழுவின் பரிந்துரைகளும் பின்னர் ஐ.சி.ஆர்.யு. 89ஆம் அறிக்கையும் வெளியான பிறகே, ஓர் உறுப்பில் மிக அதிகக் கதிர்வீச்சைப் பெறும் 2 கன செ.மீ. பகுதி குறைந்தபட்சம் எவ்வளவு வாங்குகிறது என்ற அளவு, அதாவது டி2சிசி, வழக்கத்துக்கு வந்தது.

வெளிக் கதிர்வீச்சில் ஒரு தவணைக்கு 1.8 கிரே, பிரேக்கிதெரபியில் ஒரே தவணையில் 7 கிரே. இவற்றை அப்படியே கூட்ட முடியாது. 2 கிரே தவணைகளாகக் கொடுத்திருந்தால் எவ்வளவுக்குச் சமம் என்று மாற்றிக்கொண்ட பிறகே கூட்ட வேண்டும். சாதாரண உறுப்புகளுக்கு, ஒரு தவணை அளவோடு 3ஐக் கூட்டி, மொத்த அளவால் பெருக்கி, 5ஆல் வகுக்கிறோம்; கட்டிக்கு 10ஐக் கூட்டி 12ஆல் வகுக்கிறோம். இவ்வாறு வெளிக் கதிர்வீச்சின் 45 கிரே, குடலுக்கு 43.2 ஆகவும் கட்டிக்கு 44.3 ஆகவும் மாறுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் பிரேக்கிதெரபி பற்றிய பன்னாட்டு ஆய்வான எம்பிரேஸ்-2இன் வரம்புகளையே நாங்கள் பின்பற்றினோம். மொத்தத்தில் ஹெச்.ஆர். சி.டி.வி. எனப்படும் இலக்கின் டி90, அதாவது அதன் 90 விழுக்காட்டுப் பகுதி குறைந்தபட்சம் பெறும் அளவு, குறைந்தது 85 கிரே, இயன்றால் 90 முதல் 95 வரை. டி2சிசி, சிறுநீர்ப்பைக்கு 80க்குள், எப்படியும் 90ஐத் தாண்டாமல். மலக்குடலுக்கு 65க்குள், உச்சம் 75. சிக்மாய்டுக்கு 70க்குள், உச்சம் 75. உச்சமான 75இல் வெளிக் கதிர்வீச்சு போக மிஞ்சுவதை நான்கு பிரேக்கிதெரபித் தவணைகளுக்குப் பங்கிட்டால், சிக்மாய்டு ஒவ்வொரு முறையும் 5 கிரேவுக்கு ஒரு மயிரிழை குறைவாகவே வாங்கலாம். அவ்வளவுதான் இடம்.

இந்த எண்கள் வெறும் கட்டுப்பெட்டித்தனம் அல்ல. 2008 முதல் 2015 வரை நோயாளிகளைச் சேர்த்த எம்பிரேஸ்-1 ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் 92 விழுக்காட்டினரிடம் கட்டி இருந்த இடத்தில் நோய் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் செரிமானப் பாதையில் கடுமையான பின்விளைவு கண்டவர்கள் 8.5 விழுக்காடு, சிறுநீர்ப் பாதையில் 6.8 விழுக்காடு. நோய் தீர்ந்த பிறகும் ஒரு பெண் குடலில் புண்ணோடும் சுருக்கத்தோடும் வாழ வேண்டியிருந்தால், அந்த எட்டரை விழுக்காடு அவருக்கு நூறு விழுக்காடுதான்.

முதல் நாளும் மறுநாள் காலையும்

சிகிச்சை தொடங்கிய 38ஆம் நாள் முதல் முறை அப்ளிகேட்டர், அதாவது டாண்டமும் ரிங்கும் சேர்ந்த கருவி, பொருத்தப்பட்டது. ஒருமுறை பொருத்தி, அன்று ஒரு தவணையும் மறுநாள் காலை ஒரு தவணையும் கொடுப்பது எங்கள் வழக்கம். முதுகில் எபிடியூரல் மருந்து போட்டு, டாண்டமும் ரிங்கும் வைத்து, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தள்ளி வைக்க யோனிக்குள் காஸ் துணி அடைக்கப்பட்டது. காலை 11 மணிக்குச் சிறுநீர்ப்பையை முழுதாக வடித்து, 50 மில்லி சலைன் ஏற்றி, கதீட்டரை கிளாம்ப் போட்டு மூடிய பிறகு சி.டி. எடுத்தோம். உறுப்புகளின் எல்லையை மருத்துவர் வரைந்து, நான் திட்டம் தயாரித்து, இருவரும் பார்த்து ஒப்புதல் அளித்தபோது மணி ஒன்றே முக்கால். அன்று கருவியில் ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள். இவருக்கு மூலம் உள்ளே சென்றது மாலை 4:10க்கு.

அந்தத் திட்டத்தில் இலக்கின் டி90 7.4 கிரே, சிறுநீர்ப்பை 5.6, மலக்குடல் 3.4, சிக்மாய்டு 4.9. சிக்மாய்டுக்குப் பங்கிட்ட இடம் ஏறக்குறைய நிரம்பியிருந்தாலும் வரம்புக்குள்தான் இருந்தது. கையெழுத்திட்டேன்.

அப்ளிகேட்டர் அசையாமல் இருந்தால் மறுநாள் அதே திட்டத்தை மீண்டும் ஓட்டுவது பல இடங்களில் நடக்கும் வழக்கம். எங்களிடமும் அதுவே இருந்தது. அன்று காலை சி.டி. அறை காலியாக இருந்ததால், அப்ளிகேட்டர் நகரவில்லை என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று படம் எடுக்கச் சொன்னேன். இதில் முன்யோசனை எதுவும் இல்லை, அறை காலியாக இருந்ததுதான் காரணம். அப்ளிகேட்டர் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. ஆனால் சிறுநீர்ப்பை காற்றுப்போன பலூனைப்போல் ஒட்டிக் கிடந்தது. அதற்கு மேல், முன்னோக்கிச் சாய்ந்த கருப்பையின் உச்சியில், சிக்மாய்டின் ஒரு மடிப்பு இறங்கி வந்து டாண்டத்தின் நுனிக்கு நேர் மேலே படிந்திருந்தது. முந்தைய நாளின் திட்டத்தை இந்தப் படத்தின்மேல் ஏற்றிப் பார்த்தால் சிக்மாய்டின் டி2சிசி 6.3 கிரே.

மடிப்பு நெருங்கியிருந்தது சுமார் 3 மி.மீ.தான். 25 மி.மீ. தொலைவில் இருந்தது 22 மி.மீ.க்கு வந்தால், தொலைவின் இருமடி விதிப்படி கதிர்வீச்சு கிட்டத்தட்ட 29 விழுக்காடு கூடும். பிரேக்கிதெரபி கட்டிக்குள் அவ்வளவு அதிகம் கொடுக்க முடிவதும், பக்கத்தில் நகரும் குடலுக்கு அது அவ்வளவு ஆபத்தாவதும் ஒரே விதியால்தான். நேரடி அளவில் கூடியது 1.4 கிரே; மாற்றிக் கணக்கிட்டால் 4.9 கிரே 7.7 ஆகவும், 6.3 கிரே 11.7 ஆகவும் வருவதால், உண்மையில் கூடியது 4 கிரே.

சிறுநீர்ப்பை ஏன் காலியாக இருந்தது என்பதற்கு விடை எளிது. இரவு முழுவதும் கதீட்டர் திறந்திருந்தது. 50 மில்லி ஏற்ற வேண்டும் என்ற குறிப்பு சி.டி. அறையின் தாளில் மட்டுமே இருந்தது, சிகிச்சை அறையின் தாளில் இல்லை. அப்படியானால் முந்தைய நாள் மாலை என்ன நிலையில் இருந்தது என்று கேட்டதற்குக் கோப்பில் பதில் இல்லை. வார்டில் கன்னடமும் மலையாளமும் பேசும் செவிலியர்கள் பணி மாறிப் போயிருந்தார்கள். நோயாளியோடு துணைக்கு இருந்தவர் அவருடைய நாத்தனார். தமிழில் கேட்டதும் அவர் தயங்காமல் சொன்னார்:

“நேத்து மூணு மணி இருக்கும் சார், அண்ணிக்கு அடிவயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. துடிச்சுட்டாங்க. நர்ஸம்மாகிட்ட சொன்னேன், அவங்க வந்து அந்தக் கிளிப்பைத் தொறந்துவிட்டாங்க. பை பாதிக்கு மேல நெறஞ்சிடுச்சு. அப்புறம்தான் அண்ணி கண்ணே மூடினாங்க.”

அந்தச் செவிலியர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. 11 மணிக்கு கிளாம்ப் போட்டு, டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு மணி நேரம் அப்படியே விட்டால், 50 மில்லி 50 மில்லியாக இருக்காது. அவர் திறக்காமல் இருந்திருந்தால் பிதுங்கிய சிறுநீர்ப்பையோடு சிகிச்சை நடந்திருக்கும். அது வேறு வகையில் கெடுதல். பிழை முறையில் இருந்தது. சிறுநீர்ப்பையின் அளவைப் படமெடுக்கும் நேரத்துக்கான விஷயமாகவே நாங்கள் வைத்திருந்தோம், சிகிச்சை நேரத்துக்கானதாக வைக்கவில்லை. ஆகவே முதல் தவணை, காலியான சிறுநீர்ப்பையோடும் இறங்கிய குடலோடும் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கோப்பில் 4.9 என்று இருக்கிறது. குடல் வாங்கியது 6.3க்கு அருகில் இருந்திருக்கலாம்.

இரண்டாம் தவணை

மருத்துவரும் நானும் அந்த இடத்திலேயே முடிவு செய்தோம். 50 மில்லி ஏற்றி மறுபடி சி.டி. எடுத்ததில், பழைய திட்டப்படி சிக்மாய்டு 5.2 கிரேவுக்கு இறங்கியது. 100 மில்லி ஏற்றியபோது 4.9 வந்தது, ஆனால் சிறுநீர்ப்பை 6.1க்கு ஏறியது. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைப் பிடித்துக் கொடுப்பதுபோல இருந்ததால் 50 மில்லியோடு நிறுத்திக்கொண்டோம். மூன்று முறை சி.டி. எடுத்தது அதிகமில்லையா என்று இளைய சகா ஒருவர் கேட்டார். இடுப்புப் பகுதிக்கான ஒரு சி.டி. படம் தருவது சில பத்து மில்லிகிரேக்குள் அடங்கும். எங்கள் கவலை ஆயிரக்கணக்கான மில்லிகிரேயைப் பற்றியது.

பிறகு டாண்டத்தின் நுனியைப் பார்த்தேன். கதிர்வீச்சுப் பரவல் பேரிக்காய் வடிவில் வரவேண்டும் என்ற பழைய பழக்கத்தில், கருப்பையின் உச்சிவரை மூலம் நிற்கும்படி முதல் திட்டத்தைப் போட்டிருந்தேன். ஆனால் எம்.ஆர்.ஐ.யின்படி கட்டி கருப்பை வாயைத் தாண்டி மேலே ஏறவில்லை. இலக்கின் மேல் எல்லைக்கு அப்பாலும் இரண்டு நிறுத்தங்கள் இருந்தன. கட்டிக்கு உதவாமல் குடலைச் சுட்டவை இவைதான். அவற்றை அணைத்து, அடுத்ததன் நேரத்தைக் குறைத்ததும் சிக்மாய்டு 4.6 ஆனது. இலக்கின் டி90 7.3இலிருந்து 7.1க்குத்தான் இறங்கியது, சிறுநீர்ப்பை 5.4, மலக்குடல் 3.6. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். 4.9 என்பது வரம்புக்குள் இருந்ததால், அதைக் குறைக்க முடியுமா என்று நான் தேடவில்லை. திட்டம் முடிந்ததும் சிறுநீர்ப்பையை மறுபடி வடித்து, 50 மில்லி ஏற்றி, பத்து நிமிடத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கினோம்.

மிச்சம் எவ்வளவு

அடுத்த வாரத்துக்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி, முதல் தவணையை எந்த எண்ணாகக் கணக்கில் எடுப்பது என்பது. 4.9 என்றால் இதுவரை சிக்மாய்டு வாங்கிய மொத்தம் 57.9, மீதமுள்ள இரண்டு தவணைகளில் ஒவ்வொன்றிலும் 5.2 கிரே வரை போகலாம். 6.3 என்றால் மொத்தம் 61.9, ஒவ்வொன்றிலும் 4.4க்குமேல் போகக்கூடாது. இந்த 0.8 கிரே வித்தியாசத்தில் இரண்டாம் முறை எந்த அப்ளிகேட்டர் என்ற முடிவே மாறிவிடும். ஏனெனில் இலக்கு இதுவரை 65.1தான் பெற்றிருந்தது. 85ஐத் தொடவே இன்னும் இரண்டு முறை 7 கிரே வேண்டும். 90க்கு இரண்டு முறை 8.2 வேண்டும். டாண்டமும் ரிங்கும் மட்டும் இருந்தால் வலப் பாராமெட்ரியத்தின் ஓரத்தை எட்ட டாண்டத்தையே பலமாக ஏற்ற வேண்டும், ஏற்றினால் குடல் 4.4ஐத் தாண்டும்.

குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. ஒவ்வொரு தவணையிலும் அதே 2 கன செ.மீ. பகுதிதான் அதிகம் வாங்குகிறது என்று கொண்டே நாம் கூட்டுகிறோம். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் அது ஓரளவு சரி. சிக்மாய்டோ இடம் மாறிக்கொண்டே இருப்பதால் உண்மை அளவு எப்போதும் நம் கூட்டுத்தொகைக்குக் கீழேதான் இருக்கும், ஆகவே 4.9ஐயே வைத்துக்கொண்டால் போதும் என்றார் ஒருவர். வாதம் பொதுவில் சரியானது. இந்த நோயாளிக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் இரண்டு தவணைகளும் ஒரே அப்ளிகேட்டரில், 16 மணி நேர இடைவெளியில் நடந்தவை. இறங்கி வந்து படிந்த மடிப்பும் அதுவே. வயிற்றில் முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் குடல் ஒட்டிக்கொண்டு நகராமலே இருக்கக்கூடும். இவருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மருத்துவர் 6.3ஐ எடுத்துக்கொள்ளச் சொன்னார். கோப்பில் முதல் தவணைக்கு இரண்டு எண்களையும் எழுதி, எது திட்டம், எது மதிப்பீடு, ஏன் என்று கீழே குறித்து இருவரும் கையெழுத்திட்டோம்.

45ஆம் நாள் இரண்டாம் முறை பொருத்தியபோது ரிங்கின் வலப்பக்கத் துளைகள் வழியாக மூன்று ஊசிகள் பாராமெட்ரியத்துக்குள் செலுத்தப்பட்டன. ஓரத்தை ஊசிகள் பார்த்துக்கொண்டதால் டாண்டத்தின் சுமையை இறக்க முடிந்தது. மூன்றாம் தவணையில் இலக்கு 7.9, சிறுநீர்ப்பை 5.3, மலக்குடல் 3.5, சிக்மாய்டு 4.0. மறுநாள் நான்காம் தவணையில் 7.8, 5.5, 4.1, 4.1. நான்காம் தவணையின்போது மலக்குடலில் காற்று நிறைந்து அதன் அளவு முதலில் 4.6 காட்டியது, ஃப்ளாட்டஸ் குழாய் வைத்துக் காற்றை வெளியேற்றி மறுபடம் எடுத்த பிறகே 4.1 கிடைத்தது. இரண்டு தவணைகளிலும் சிகிச்சைக்குச் சற்று முன் சி.டி. எடுத்தே தொடங்கினோம். எம்.ஆர்.ஐ. ஒவ்வொரு முறையும் எடுக்க நம் மருத்துவமனைகளில் இயலுவதில்லை, சி.டி.யில் எல்லை வரைவதற்கு இந்திய பிரேக்கிதெரபி சங்கம் ஐரோப்பிய, அமெரிக்க அமைப்புகளோடு சேர்ந்து 2021இல் வெளியிட்ட பரிந்துரைகள் இதுபோன்ற இடங்களில்தான் கைகொடுக்கின்றன.

மொத்தக் கணக்கு: இலக்கின் டி90 88.5, 90ஐத் தொடவில்லை. சிறுநீர்ப்பை 80.1, மலக்குடல் 62.7. சிக்மாய்டு, தாளில் உள்ள எண்ணைக் கொண்டால் 69.4, மதிப்பீட்டைக் கொண்டால் 73.3. சிகிச்சை முழுவதும் 46 நாட்களில் முடிந்தது. மறுநாள் காலையில் சி.டி. அறை காலியாக இல்லாமல் போயிருந்து, முதல் திட்டத்தையே நான்கு முறையும் ஓட்டியிருந்தால், தாளில் சிக்மாய்டு 74.2 என்று வந்திருக்கும். வரம்புக்குள் இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம். நான்கில் இரண்டு முறை மட்டும் குடல் இறங்கியிருந்தாலும் உண்மை அளவு 82.1.

இப்போது சிகிச்சை அறையின் தாளில், மூலம் உள்ளே போவதற்கு முந்தைய வரியாக, ‘வடித்து 50 மில்லி’ என்பதும் அதைச் செய்த நேரமும் எழுதப்படுகின்றன. படமெடுத்ததும் கிளாம்ப் திறக்கப்படுகிறது. காத்திருக்கும் நேரத்தில் யாரும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் தவணைக்கு முன் சி.டி. கட்டாயமாகிவிட்டது. இதனால் ஒரு நோயாளிக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாகிறது. கருவிக்கு வரிசை நீள்கிறது. அதற்கான முணுமுணுப்பும் தொடர்கிறது.

மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ.யில் கட்டி முற்றிலும் மறைந்திருந்தது. 13ஆம் மாதம் இரண்டு முறை மலத்தோடு ரத்தக் கோடு வந்ததாகச் சொன்னார். வலி இல்லை, மலச்சிக்கல் இல்லை. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோப்பியில், ஆசனவாயிலிருந்து 22 செ.மீ. உயரத்தில், குடல் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் விரல்நுனி அகலத்துக்கு நுண்நாளங்கள் விரிந்து சிவந்திருந்தன. புண்ணோ சுருக்கமோ இல்லை. மலக்குடல் இயல்பாக இருந்தது. அது அன்று இறங்கி வந்த மடிப்புதானா என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை, ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது கோப்பில் எழுதிய இரண்டாவது எண்ணையே நான் நம்பினேன். மருந்து எதுவும் தரப்படவில்லை. அதற்குப் பிறகு ரத்தம் வரவில்லை. அவர் தையல் வேலைக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.